ஜப்பானிய எழுத்து வரிசையும் நம் க, ச, த, ந, ப, மவும்

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் ஜப்பானிய மொழித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் அவர்களிடமும் காட்டுங்கள்.

எங்கள் ராயப்பேட்டைப் பக்கம் பொறியியல் முடித்த பையன்கள், நர்சிங் முடித்த பெண்கள் பலர் இப்போது "என்5", "என்4" என்று பேசிக்கொள்கிறார்கள். ஜேஎல்பிடி என்ற ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் படிநிலைகள் அவை. என்5 அடிப்படை, என்1 உச்சம். 1984இல் 15 நாடுகளில் சுமார் 7,000 பேரோடு தொடங்கிய தேர்வு இது. அப்போது நான்கு நிலைகள்தான், 2010இல் ஐந்தாக்கினார்கள். சென்னையில் இதை நடத்துவது ஏபிகே ஏஓடிஎஸ் தோசோகாய். தோசோகாய் என்றால் பழைய மாணவர் சங்கம்.

தமிழ் வழியில் படித்த பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எனக்கு இங்கிலீஷே சரியா வராது டீச்சர், ஜப்பான் பாஷை எப்படி வரும்?" பயிற்சி வகுப்புகள் பலவும் ஆங்கிலத்தில் நடப்பதால் வந்த பயம் இது. ஆனால் அந்தத் தேர்வில் ஆங்கிலத்துக்கு மதிப்பெண் கிடையாது. கேள்வியும் ஜப்பானிய மொழி, விடையும் ஜப்பானிய மொழி. அங்கே போக ஆங்கிலம் என்ற பாலத்தைத் தாண்டியே ஆக வேண்டுமா? வேண்டாம் என்கிறது வரலாறு.

முதலில் எழுத்து. ஜப்பானியக் குழந்தைகள் படிக்கும் எழுத்து அட்டவணையின் முதல் வரிசை அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ என்று தொடரும். நம் மெய் வரிசையைச் சொல்லிப் பாருங்கள். ங, ஞ, ட, ண, ல போன்றவற்றை விட்டுவிட்டால் க, ச, த, ந, ப, ம, ய, ர, வ. இடையில் உறுத்துவது ஹ மட்டும்தான். பழைய ஜப்பானிய மொழியில் அந்த ஹ வரிசையே ப என்றுதான் ஒலித்தது என்கிறார்கள் மொழியியலாளர்கள். ஆக, வரிசை அப்படியே நம்முடையது.

இது எப்படி வந்தது? பௌத்தம் கொண்டுபோய்ச் சேர்த்தது. தென்னிந்தியர் என்று கருதப்படும் போதிசேனர் என்ற துறவி 736இல் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். 752இல் நாரா நகரில் தோதாய்ஜி கோயிலின் பெரிய புத்தருக்குக் கண் திறந்தவர் அவர்தான். பிறகு கூகாய் என்ற ஜப்பானியத் துறவி 804இல் சீனாவுக்குப் போய், 806இல் திரும்பும்போது சித்தம் என்ற இந்திய எழுத்தில் அமைந்த நூல்களைக் கொண்டுவந்தார். மந்திரங்களைப் பிழையில்லாமல் உச்சரிக்க வேண்டுமே! அதற்காகத் துறவிகள் ஒலிகளை இந்திய முறையில் படித்தார்கள். தொண்டையில் தொடங்கி உதட்டில் முடியும் க முதல் ம வரையான அந்த ஒழுங்கைத் தங்கள் மொழிக்கும் பொருத்திப் பார்த்தார்கள். 11ஆம் நூற்றாண்டிலேயே அப்படிப்பட்ட அட்டவணை கிடைக்கிறது. இன்றைய வடிவத்துக்கு வர மேலும் பல நூற்றாண்டுகள் ஆயின. அதுவரை பிள்ளைகள் படித்தது 'இரோஹா' என்ற பாட்டு. 47 எழுத்தும் ஒவ்வொரு முறை மட்டுமே வரும் பாட்டு அது. 1889 முதல் 1891 வரை வெளியான ஓத்சுகி ஃபுமிஹிகோவின் 'கென்காய்' அகராதி, இரோஹாவை விட்டு அ, இ, உ வரிசையில் சொற்களை அடுக்கியது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். இது தமிழிலிருந்து நேராகப் போன வரிசை அல்ல. வடமொழி ஒலிநூல் வழியாகப் போனது. நம் நெடுங்கணக்கும் அதே ஒழுங்கில் இருப்பதால் நமக்கு எளிதாகிறது. "எல்லாம் நம்மிடமிருந்து போனதுதான்" என்று மார்தட்டப் போய் மாணவரைக் குழப்ப வேண்டாம்.

அடுத்தது இலக்கணம். ஜப்பான் என்ற பெயர் ஒரு காலத்தில் நம் ஊருக்குப் பயத்தைத்தான் தந்தது. 1942 ஏப்ரலில் கொழும்பிலும் விசாகப்பட்டினத்திலும் ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டன. அடுத்தது மதராஸ்தான் என்று நகரமே காலியானது. வீட்டைப் பூட்டிக்கொண்டு சொந்த ஊருக்கு ஓடிய கதையை அந்தத் தலைமுறையினர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். ஏறத்தாழ 40 ஆண்டுகள் கழித்து ஜப்பானிய அறிஞர் ஒருவர் தமிழைத் தேடினார். தோக்கியோவின் ககுஷுயின் பல்கலைக்கழகப் பேராசிரியர் சுசுமு ஓனோ. பழைய ஜப்பானிய மொழிக்கு அகராதி செய்தவர். சென்னைப் பல்கலைக்கழகத்தின் பொற்கோ, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் சண்முகதாஸ், மனோன்மணி சண்முகதாஸ் ஆகியோர் அவரோடு சேர்ந்து உழைத்தார்கள். நம் பொங்கலையும் ஜனவரி 15ஐ ஒட்டி வரும் ஜப்பானியரின் 'சின்னப் புத்தாண்டை'யும்கூட அவர் ஒப்பிட்டார். ஜப்பானிய மொழிக்கும் தமிழுக்கும் உறவு உண்டு என்பது அவர் முடிவு. மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. 2008இல் அவர் மறைந்த பிறகும் நிலைமை அதுதான்.

உறவு இருக்கட்டும், இல்லாமல் போகட்டும். வாக்கியத்தின் அமைப்பு ஒத்துப்போவது எல்லோரும் ஒப்புக்கொள்ளும் விஷயம். தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைக்கு அதுவே போதும். பாருங்கள்:

சென்னை நி இகிமாஸ் – சென்னைக்குப் போகிறேன். 'நி' இங்கே நம் 'கு'.
பஸு தெ இகிமாஸ் – பஸ்ஸில் போகிறேன்.
வதாஷி மோ – நானும். 'மோ' நம் 'உம்'.
இகிமாஸ் கா – போகிறீர்களா? கேள்வி கடைசியில் ஒட்டிக்கொள்கிறது.
இக்கு தொ இத்தா – போகிறேன் என்று சொன்னார். 'தொ' நம் 'என்று'.

என்4இல் மாணவர்களைத் திணறவைக்கும் துணைவினைகள் இன்னும் அழகு. மிரு என்றால் பார்; தபெதெ மிரு என்றால் சாப்பிட்டுப் பார். ஒகு என்றால் வை. கைதெ ஒகு என்றால் எழுதி வை. தபெதெ ஷிமாவு என்றால் சாப்பிட்டுவிடு. ஆங்கிலத்தில் இதை விளக்க ஒரு பக்கம் வேண்டும். தமிழ்ப் பிள்ளைக்கு ஒரு வரி போதும். பள்ளியில் படித்த வேற்றுமை உருபும் வினையெச்சமும் எதற்கு என்று கேட்டவர்களுக்கு இதோ பதில்.

எல்லாமே எளிது என்று சொல்ல வரவில்லை. 'வா' என்ற இடைச்சொல் எங்கே வரும், 'கா' எங்கே வரும் என்பது பழகப் பழகத்தான் பிடிபடும். கஞ்சி என்ற சீன எழுத்துகளுக்குத் தமிழ் உதவாது. ஜப்பானில் அன்றாடப் பயன்பாட்டுக்கென அரசு வகுத்த பட்டியலில் மட்டும் 2,136 இருக்கின்றன. கையால் எழுதி எழுதித்தான் மனத்தில் நிறுத்த வேண்டும். இன்னொன்று: என்5இல் 180க்கு 80 எடுத்தால் தேர்ச்சி என்று நிம்மதியாக இருந்துவிடக் கூடாது. கேட்டல் பகுதியில் 60க்கு 19உம், மீதிப் பகுதியில் 120க்கு 38உம் தனித்தனியாக எடுத்தாக வேண்டும். காதைப் பழக்காதவர்கள் கோட்டைவிடுவது அங்கேதான்.

இது வெறும் மொழி ஆசையும் அல்ல. 2019 ஏப்ரலில் ஜப்பான் புதிய தொழில்திறன் விசாவைத் தொடங்கியது. 2021 ஜனவரியில் இந்தியாவும் அதற்கு ஒப்பந்தம் செய்தது. முதியோர் பராமரிப்பு முதல் விவசாயம் வரை பல வேலைகளுக்கு என்4 அளவு மொழியறிவு வாசல். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்த ஒரு பிள்ளை, "எனக்கு இங்கிலீஷ் வராது" என்ற ஒரே காரணத்தால் அந்த வாசலில் நின்று திரும்பினால், அது அந்தப் பிள்ளையின் குறை இல்லை. நாம் சொல்லிக்கொடுக்கும் வழியின் குறை.

ஜப்பானிய வகுப்பு எடுக்கும் இளைய ஆசிரியர்களே, முதல் நாள் கரும்பலகையில் ரோமன் எழுத்தில் எழுதாதீர்கள். அ, இ, உ, எ, ஒ என்று தமிழில் எழுதி, பக்கத்தில் ஹிரகனாவை எழுதுங்கள். ஒரு வாரத்தில் பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். தமிழ் வழியாகவே இந்தத் தேர்வை எழுதி வென்றவர்கள் யாராவது இருந்தால், எப்படிப் படித்தீர்கள் என்று கீழே எழுதுங்கள். அடுத்த பிள்ளைக்கு உதவும்.