ஒட்டிய பிள்ளையும் பிய்த்த பிள்ளையும்: விண்வெளிப் படமும் தீப்பெட்டிப் படமும்

கொஞ்ச நாளாக ஒரு கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருக்கிறது. படத்தைப் பார்த்துவிட்டு வந்தால் ரசிகனா, இல்லை அந்தப் படத்திலிருந்து ஏதாவது ஒன்று கையில் இருந்தால்தான் ரசிகனா? ஸ்டார் வார்ஸ் கூட்டத்தைக் கேட்டால் ரெண்டாவதுதான் என்பார்கள். நானும் அந்தக் கூட்டம்தான். இதை எழுதும் மேசையில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு ஆர்2-டி2 நிற்கிறது. ஆனால் ராஜபாளையத்தில் வளர்ந்த எனக்கு அந்தப் படம் வந்தது கேபிள் டிவியில். லூக் ஸ்கைவாக்கர் பிறந்து இருபது வருசம் கழித்து. பொம்மை வந்தது அதற்கும் பின்னால். அப்படியென்றால் எனக்கு முந்தின தலைமுறைப் பிள்ளைகள், ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும், கையில் என்ன வைத்திருந்தார்கள்? அதைத் தேடிப்போனதில் சேர்ந்த குறிப்புகள் இவை. பாதிக்கு மேல் பென்னிங்டன் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியது. 1875-லிருந்து இருக்கிற நூலகம். ஸ்ரீவில்லிபுத்தூர் என்றால் கோபுரத்தையும் பால்கோவாவையும் மட்டும் நினைப்பவர்கள் ஒருதடவை அங்கேயும் எட்டிப் பார்க்கலாம்.

முதலில் அந்தப் பக்கத்துக் கதை. ஜார்ஜ் லூகாஸுக்கு ஆசை ஃப்ளாஷ் கார்டன் மேல்தான். அலெக்ஸ் ரேமண்ட் 1934-ல் வரைய ஆரம்பித்த பத்திரிகைச் சித்திரக்கதை அது. 1936-லிருந்து தியேட்டரில் வாராவாரம் தொடர்படமாகவும் ஓடியது. அதன் உரிமை லூகாஸுக்குக் கிடைக்கவில்லை. சரி, நாமே ஒன்று செய்வோம் என்று உட்கார்ந்ததுதான் ஸ்டார் வார்ஸ். படம் 1977 மே 25-ல் வெளியானது. டைரக்டர் சம்பளத்தை ஏற்றிக் கேட்கிறதுக்குப் பதிலாக, அடுத்தடுத்த படங்களின் உரிமையையும் பொம்மை, சட்டை, அட்டை விற்கிற உரிமையையும் அவர் தன்னிடம் வைத்துக்கொண்டார். ஸ்டுடியோக்காரர்களுக்கு அது பெரிய விசயமாகத் தெரியவில்லை. படத்தை ஒட்டி வந்த சாமான்களில் காசு பார்க்கலாம் என்று அப்போது யாரும் பெரிதாக நம்பவில்லை.

கென்னர் என்ற பொம்மைக் கம்பெனி உரிமையை வாங்கியது. ஆனால் அந்த வருசம் கிறிஸ்துமஸுக்குள் பொம்மை தயாராகவில்லை. அவர்கள் செய்த காரியம்தான் வேடிக்கை. பொம்மையே இல்லாத ஒரு அட்டை உறையை விற்றார்கள். உள்ளே ஒரு சீட்டு. அதை அனுப்பிவைத்தால் 1978-ல் லூக், லேயா, சூபாக்கா, ஆர்2-டி2 நாலும் தபாலில் வரும். வெறும் அட்டையைக் காசு கொடுத்து வாங்கி, மாசக்கணக்கில் தபால்காரருக்குக் காத்திருந்தார்கள் பிள்ளைகள். முக்கால் சாண்கூட இல்லை, மூணேமுக்கால் அங்குல பிளாஸ்டிக் ஆள். அதற்காக.

இப்போது நம்ம பக்கம் வருவோம்.

விண்வெளிப் படம் நமக்கு அதற்கு 14 வருசம் முன்னாலேயே வந்துவிட்டது. 1963-ல் ‘கலை அரசி’. ஏ. காசிலிங்கம் டைரக்சன், எம்ஜிஆருக்கு இரட்டை வேடம், பானுமதி. இந்தியாவில் வேற்றுக்கிரகத்து ஆட்களைக் காட்டிய முதல் படம் என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள். ககாரின் பூமியைச் சுற்றி வந்து ரெண்டு வருசம். தும்பாவிலிருந்து நம் முதல் ராக்கெட் கிளம்ப இன்னும் சில மாசம் (அது 1963 நவம்பர் 21). இந்த இடைவெளியில் தமிழ் சினிமா செய்த கற்பனையைப் பாருங்கள். வேற்றுக்கிரகத்துக்காரன் பூமிக்கு வருவது தங்கத்துக்காகவோ நிலத்துக்காகவோ இல்லை. அவர்களிடம் விஞ்ஞானம் கொட்டிக் கிடக்கிறது, கலைதான் இல்லை. பாட்டும் ஆட்டமும் கற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். நம்பியார் வந்து பானுமதியைத் தூக்கிப் போகிறார். டெத் ஸ்டார் கட்டி ஒரு கிரகத்தையே பொசுக்குகிற கதையைவிட எனக்கு இது ஒருபடி மேலாகத் தெரிகிறது. செட் அட்டை மாதிரி இருக்கிறது, பறக்கும் தட்டு ஆடுகிறது, அதெல்லாம் இருக்கட்டும். பாட்டுக்காரி இல்லாமல் ஒரு உலகம் தவித்துப்போகிறது என்று யோசிக்க நம்மாளுக்குத்தான் தோன்றும்.

‘கலை அரசி’க்குப் பொம்மை கிடையாது. எந்தப் படத்துக்கும் கிடையாது. ஆனால் கையில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. தியேட்டர் வாசலில் பாட்டுப் புத்தகம் விற்றது: மேலே படம், உள்ளே கதைச்சுருக்கம், முக்கியமான கட்டம் வந்ததும் மீதியை வெள்ளித்திரையில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிடுவார்கள். பெட்டிக்கடையில் எம்ஜிஆர், சிவாஜி படம் போட்ட அட்டைகள். இவை எல்லாவற்றுக்கும் மேலே ஃபிலிம். அறுந்துபோன ரீல் துண்டுகளைக் கடைக்காரர்கள் ஒன்று ரெண்டாக வெட்டி விற்பார்கள். ஃபியூஸ் போன குண்டு பல்பின் உள்பாகத்தை நோண்டி எடுத்துவிட்டுத் தண்ணீர் ஊற்றினால் அது லென்ஸ். வெளியே முகம் பார்க்கும் கண்ணாடி, வெயிலைத் திருப்பி ஓட்டை வழியாக உள்ளே அடிக்க. வேட்டிதான் திரை. படம் தலைகீழாக விழும், அதனால் ஃபிலிமைத் தலைகீழாகப் பிடிக்க வேண்டும். நம்ம சத்திரப்பட்டியில் நெய்கிற பேண்டேஜ் துணியும் வெள்ளைதான், ஆனால் சல்லடை மாதிரி இருப்பதால் வெளிச்சம் நிற்காது, வேட்டிதான் சரி. இன்று வெளிநாட்டில் ஸ்டார் வார்ஸ் ஃபிலிமின் ஒரு துண்டைக் கண்ணாடிச் சட்டம் போட்டு சேகரிப்பாளர்களுக்கு விற்கிறார்கள். நம்ம பிள்ளைகள் அதைத் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டியிருக்கிறார்கள்.

அடுத்து காமிக்ஸ். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேரத்துக்குள் சிவகாசி. 1972-ல் அங்கிருந்து முத்து காமிக்ஸ் வந்தது. எம். சௌந்தரபாண்டியன் ஆரம்பித்தது, ஆரம்பத்தில் ஆசிரியர் முல்லை தங்கராசன், முதல் புத்தகம் ‘இரும்புக்கை மாயாவி’. பிரிட்டனில் 1962-லிருந்து வேலியன்ட் வார இதழில் வந்த கதை. ஒரு கைக்குப் பதிலாக இரும்புக்கை. கரண்ட் அடித்தால் ஆள் மறைந்துவிடுவான், இரும்புக்கை மட்டும் அந்தரத்தில் தெரியும். கரண்டே ஒழுங்காக வராத காலத்தில் ப்ளக்கில் விரலை விட்டால் மறைந்துவிடலாம் என்று நினைத்த பிள்ளைகளின் கதையைத் தமிழ்க் காமிக்ஸ் ரசிகர் யாரிடம் பேசினாலும் கேட்கலாம். 1984 ஜூலையில் சௌந்தரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் லயன் காமிக்ஸை ஆரம்பித்தார். அப்போது அவருக்கே பதினேழு வயசு. அதில் வந்த ஆர்ச்சி என்கிற இரும்பு மனிதனைத்தான் நம்ம ஆட்கள் செல்லமாகச் சட்டித்தலையன் என்பார்கள். அவன் பிரிட்டனில் 1952-லேயே பிறந்தவன், சி-3பிஓவுக்கு இருபத்தஞ்சு வருசம் மூத்தவன். காலயந்திரத்தில் ஏறி எந்தக் காலத்துக்கும் போவான், வாய் ஓயாமல் தற்பெருமை பேசுவான். லூகாஸின் ரெண்டு இயந்திரங்களையும் நான் முதன்முதலில் டிவியில் பார்த்தபோது புதுசாகவே தோன்றவில்லை. இவர்களை ஏற்கெனவே தெரியுமே என்றுதான் இருந்தது. (ராஜபாளையத்துக்காரன் என்பதால் இதையும் சொல்லியாகணும்: தமிழின் பேர்பெற்ற இயந்திர நாய், சுஜாதாவின் ஜீனோ, எங்க ஊர் நாய் மாதிரி இல்லை. அது யோசித்துக் கடிக்கும்.)

பழைய முத்து, லயன் இதழ்களுக்கு இன்று ஆயிரக்கணக்கில் விலை பேசுகிறார்கள். அட்டை கிழியாமல் இருந்தால் இன்னும் கூட. கென்னர் பொம்மையைப் பெட்டி பிரிக்காமல் வைத்திருந்தால் என்ன மரியாதையோ அதே மரியாதை.

ஆனால் இவற்றில் எதுவும் எல்லாப் பிள்ளைகளிடமும் இருந்ததில்லை. காமிக்ஸ் காசு கொடுத்து வாங்க வேண்டியது. எல்லார் டவுசர் பையிலும் இருந்தது தீப்பெட்டிப் படம்தான்.

அதன் பின்கதை தெரிந்ததுதான். பி. அய்ய நாடாரும் ஏ. சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைப் படித்து வந்தார்கள். தீப்பெட்டி வந்தது, அதற்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். அச்சகம் வந்த பிறகு காலண்டர், பட்டாசு லேபிள், பாடப்புத்தக அட்டை, காமிக்ஸ் எல்லாம் வந்தன. அதாவது மாயாவிக்கும் ஆர்ச்சிக்கும் பாட்டன் தீப்பெட்டி லேபிள். புலி, கிளி, பூட்டு, ரயில், ராக்கெட் என்று ஏகப்பட்ட படம். எழுதப் படிக்கத் தெரியாதவரும் கடையில் “கிளி மார்க் குடுங்க அண்ணாச்சி” என்று கேட்க வேண்டுமே, அதற்காகத்தான் படம். பிள்ளைகளுக்கு அது காசு. வட்டம் போட்டு நடுவில் அடுக்கி, தள்ளி நின்று சில்லால் அடித்தால், வட்டத்துக்கு வெளியே விழுவது உனக்கு. சிகரெட் அட்டையிலும் இதே ஆட்டம் உண்டு. எந்தப் படத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பது ஊருக்கு ஊர் மாறும், தெருவுக்குத் தெருகூட மாறும். அரிதாகக் கிடைப்பதுதான் உசத்தி. அமெரிக்காவில் 1977-ல் டாப்ஸ் கம்பெனி நீலக்கரை போட்ட ஸ்டார் வார்ஸ் அட்டைகளை விற்றபோது அங்கே பள்ளிக்கூட மைதானத்தில் நடந்ததும் இதே வியாபாரம்தான்.

இதுவரைக்கும் சுகமான கதை. நான் நிறுத்திவிட நினைத்த இடமும் இதுதான், நிறுத்த முடியவில்லை.

அந்த லேபிளை ஒட்டியது யார்? எங்கள் அத்தை வீட்டில் பெட்டி ஒட்டினார்கள். சீவல் கட்டு, நீலத்தாள், லேபிள் எல்லாம் எண்ணி வரும். மைதாப் பசையில் மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார்கள், பூச்சி அரிக்காமல் இருக்க. கூலி குரோஸ் கணக்கு, ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. நான் லேபிள் கட்டில் கை வைத்தால் அத்தை, “படத்தைத் தொடாதடா, எண்ணிக் குடுத்திருக்காக” என்பார். கூட உட்கார்ந்து ஒட்டிக்கொண்டிருந்த அத்தை மகளுக்கு என் வயசுதான். அவளுக்கு அந்தப் படத்தில் ஒரு ஆசையும் இருந்ததில்லை. நாளெல்லாம் அதே கிளி.

வீட்டில் ஒட்டியவர்கள் பாடு பரவாயில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்குப் போன பிள்ளைகள் கதை வேறு. விடியும் முன்னே ஊருக்குள் பஸ் வரும், பிள்ளைகளை ஏற்றிப் போகும், இருட்டிய பிறகு கொண்டுவந்து விடும். குச்சி அடுக்குவது, பெட்டியில் போடுவது, லேபிள் ஒட்டுவது. சிவகாசி, சாத்தூர் சுற்றுவட்டாரத்தில் ஐந்தாறு வயசிலிருந்தே போனார்கள், பெண்பிள்ளைகள்தான் அதிகம். 1983 ஜூலையில் ஸ்மித்து கோத்தாரி இதைப் பற்றி எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லியில் எழுதிய நீண்ட கட்டுரை நாடு முழுக்கப் பேசப்பட்டது. தேதியைக் கவனியுங்கள். அதற்கு ஒன்றரை மாசத்துக்குள்தான், 1983 மே 25-ல், அமெரிக்காவில் ‘ரிட்டர்ன் ஆஃப் த ஜெடை’ வெளியாகி, கடைகளில் புதுப் பொம்மைகள் குவிந்தன. அந்தப் பொம்மைகளையும் யாரோ கிழக்காசியாவில்தான் அச்சில் வார்த்துச் சாயம் தொட்டு அனுப்பினார்கள். கென்னரின் பழைய பொம்மைகளின் காலில் ஹாங்காங் என்று பொறித்திருக்கும், பூதக்கண்ணாடி வைத்தால் தெரியும். நான் சேகரிப்பவன், அந்த எழுத்தைப் பொம்மை அசல்தானா என்று பார்ப்பதற்குத்தான் அதுவரை பயன்படுத்தியிருக்கிறேன்.

வறட்சியான பூமி, கரிசலில் மழை பொய்த்தால் வேறு வேலை இல்லை, தீப்பெட்டி ஆபீஸ்தான் அடுப்பை எரிய வைத்தது என்று ஒரு கட்சி. எங்கள் குடும்பத்திலேயே இப்படிச் சொல்கிறவர்கள் உண்டு, அதில் பாதி உண்மையும் உண்டு. பெரியவர்களுக்குக் கொடுக்க வேண்டிய கூலியை மிச்சம் பிடிக்கத்தான் சிறுசுகளை வைத்தார்கள் என்பது மீதிப் பாதி. 1986-ல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. எம்.சி. மேத்தா போட்ட வழக்கில் 1996 டிசம்பர் 10-ல் உச்ச நீதிமன்றம், அபாயகரமான தொழிலில் பிள்ளையை வேலைக்கு வைத்த முதலாளி ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் கட்ட வேண்டும், அந்தப் பணம் பிள்ளையின் நலனுக்குப் போக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. வழக்கின் பெயரே தமிழ்நாடு அரசுக்கு எதிராக, விசயம் சிவகாசி. சட்டம், சிறப்புப் பள்ளிகள், மதிய உணவு, இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து மெல்ல மெல்ல அந்த விடிகாலை பஸ்ஸை நிறுத்தின. அத்தை மகள் எட்டாம் வகுப்பில் திரும்பச் சேர்ந்து, இப்போது ராஜபாளையத்தில் ஒரு மில்லில் கணக்கு எழுதுகிறாள். என் மேசை ஆர்2-டி2-வைப் பார்த்துவிட்டு விலை கேட்டாள். சொன்னேன். “எத்தனை குரோஸ்டா அது?” என்றாள். ரெண்டு பேரும் சிரித்தோம், ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

பழைய லேபிள்களை இப்போதும் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். ஒரே கிளியில் நாலு விதம், எழுத்து மாறியது, நிறம் தப்பி அச்சானது என்று பிரித்து அடுக்கி வைத்திருப்பார்கள். அச்சுப்பிழைக்குத்தான் மவுசு ஜாஸ்தி. சில லேபிள்களின் பின்பக்கம் காய்ந்த பசைத்தடத்தில் ஒரு விரலின் அச்சு பதிந்திருக்கும். சின்ன விரல். நான் வாங்கிய ஒரு கட்டில் அப்படி மூன்று வந்தன. மற்றவற்றைத் தண்ணீரில் ஊறவைத்துப் பசையைக் கழுவினேன், அதுதான் முறை. அந்த மூன்றையும் கழுவாமல் தனி உறையில் வைத்திருக்கிறேன்.

2021 டிசம்பரில் தீப்பெட்டி விலை ஒரு ரூபாயிலிருந்து ரெண்டு ரூபாய் ஆனது, பதினாலு வருசத்துக்குப் பிறகு. இப்போது வருவது அட்டைப்பெட்டி. படம் பெட்டியிலேயே அச்சாகி வந்துவிடுகிறது, ஒட்டவும் வேண்டாம், பிய்க்கவும் முடியாது.