பிழைபட்ட காசும் அதன் விலையும்



பாகூருக்கு அண்மையிலுள்ள செலியமேடு என் ஊர். பள்ளிப் பணியினின்று ஓய்வு பெற்றபின், மாலை வேளைகளில் திண்ணையில் அமர்ந்து செய்தித்தாள் படிப்பது என் வழக்கம். ஒருநாள் என் பழைய மாணவர் ஒருவர், இப்பொழுது கல்லூரியில் பயில்பவர், சட்டைப் பையிலிருந்து மூன்று நாணயங்களை எடுத்து என்முன் வைத்தார். முதலாவது, மாதா வைஷ்ணவ தேவியின் உருவம் பொறித்த ஐந்து ரூபாய். இரண்டாவது, இருபுறமும் சிங்கத் தலைகளே காணப்பட்ட ஒரு ரூபாய். மூன்றாவது, ஓரத்தில் பிறை வடிவாக ஒரு துண்டு குறைந்த ஒரு ரூபாய்.

"ஐயா, இந்த ஐந்து ரூபாய்க்குப் பத்து இலட்சம் தருவதாகக் கைப்பேசியில் விளம்பரம் வந்தது. பதிவுக் கட்டணம் என்று இரண்டாயிரம் கேட்டார்கள், அனுப்பினேன். பிறகு வரி என்று ஐயாயிரம் கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். இப்போது அந்த எண் எடுப்பதே இல்லை" என்றார். அவருடைய தாயார் நூறு நாள் வேலைக்குச் சென்று சேர்த்த பணம் அது. மற்ற இரண்டையாவது விற்க இயலுமா என்று கேட்கவே அவர் வந்திருந்தார். அன்று அவருக்குக் கூறியவற்றைச் சற்று விரித்து இன்று உங்களுக்குக் கூறுகிறேன்.

நாணயம் அடிக்கும் தொழிலைக் கம்பட்டம் என்றும், அடிக்கும் இடத்தை அக்கசாலை என்றும் நம் முன்னோர் வழங்கினர். பிற்காலத்தில் தங்கசாலை என்ற பெயர் வழக்கில் வந்தது. சென்னையில் ஒரு தெருவுக்கே அப்பெயர் உண்டு. நம் புதுச்சேரியிலும் ஒரு தங்கசாலை இருந்தது என்பதை உங்களுள் பலர் அறிந்திருக்கமாட்டீர்கள். 1736ஆம் ஆண்டு, துய்மா என்பவர் ஆளுநராக இருந்த காலத்தில், ஆற்காட்டு நவாபு தோஸ்த் அலிகானிடமிருந்து ரூபாய் அடிக்கும் உரிமையைப் பிரெஞ்சுக்காரர் பெற்றனர். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்புத் தொடங்குவதும் அதே ஆண்டில்தான். இங்கு அடித்த வெள்ளி ரூபாய்க்குப் பிறை அடையாளம் இருந்தது. அதனோடு வெள்ளிப் பணமும் செப்புத் துட்டும் காசும் அடித்தார்கள். "கையில் துட்டு இல்லை" என்று நாம் இன்றும் சொல்லுகிறோமே, அந்தத் துட்டுதான்.

அச்செப்புக் காசின் ஒரு பக்கத்தில் பிரெஞ்சு அரசகுலத்தின் அல்லிமலரும், மறுபக்கத்தில் 'புதுச்சேரி' என்று தமிழ் எழுத்தும் இருக்கும். கீழ் அச்சின்மேல் செப்பு வில்லையை வைத்து, மேல் அச்சைக் கையால் பிடித்துச் சம்மட்டியால் அடிப்பார்கள். ஆகவே முத்திரை வில்லையின் நடுவே செம்மையாக விழுவது அரிது. ஒன்றில் 'புது' என்ற எழுத்துகள் மட்டும் விழுந்திருக்கும். மற்றொன்றில் அல்லிமலரின் பாதி வெளியே போயிருக்கும். அவற்றை எவரும் பிழைக்காசு என்று கூறுவதில்லை. எல்லாக் காசும் அவ்வாறே இருந்தால் எதைப் பிழை என்பது? எழுத்து முழுமையாக விழுந்த துட்டுக்குத்தான் சேகரிப்போர் கூடுதலாக விலை தருவர்.

இந்த நிலையை மாற்றியது நீராவி. இங்கிலாந்தில் பர்மிங்காம் நகரத்துச் சோஹோ என்னுமிடத்தில் மாத்யூ பௌல்டன் நீராவியால் இயங்கும் நாணய அச்சுப்பொறிகளை அமைத்தார். சென்னை மாகாணத்திற்காகக் கிழக்கிந்தியக் கும்பினியார் அங்கே செப்புக் காசுகளை அடித்துக் கப்பலில் அனுப்பினர். 1829இல் கல்கத்தாவிலேயே நீராவித் தங்கசாலை வேலை தொடங்கியது. இலட்சம் காசு அடித்தாலும் இலட்சமும் ஒரே அச்சாக இருக்கவேண்டும் என்ற எதிர்பார்ப்பு அப்பொழுதுதான் பிறந்தது. நாம் இன்று 'பிழை நாணயம்' என்று கூறும் பொருள் இந்த எந்திரத்தின் பிள்ளையே ஆகும்.

எந்திரம் எங்கே தவறும் என்பதை அறிய, காசு பிறக்கும் முறையை அறியவேண்டும். முதலில் உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டி எடுக்கிறார்கள். நம் வீட்டில் தட்டிய மாவை மூடியால் வெட்டுவது போன்றதே இது. தகடு சரியாக நகராவிட்டால், முன்பே வெட்டிய பள்ளத்தின்மேல் வெட்டும் கருவி மீண்டும் விழும். பிறை போல் ஒரு துண்டு குறைந்த வில்லை கிடைக்கும். அடுத்து வில்லையின் விளிம்பைச் சற்றே உயர்த்துகிறார்கள். பிறகு ஒரு வளையத்துள் அதனை இருத்தி, மேலும் கீழும் இரண்டு அச்சுகளால் ஒரே நொடியில் அழுத்துகிறார்கள். வில்லை விலகி நின்றால் முத்திரை ஓரமாக விழும். அச்சில் விரிசல் கண்டால் அவ்விரிசல் காசின்மேல் மெல்லிய மேட்டுக் கோடாகத் தெரியும். அடித்த காசு மேல் அச்சிலேயே ஒட்டிக்கொண்டால், அடுத்து வரும் வில்லையில் அக்காசின் முகம் கண்ணாடியில் தெரிவதுபோல் இடவலம் மாறிப் பள்ளமாகப் பதியும். சில வேளை ஒரு நாணயத்தின் தலையச்சோடு வேறு நாணயத்தின் பூவச்சு இணைந்துவிடும். ஆங்கிலேயச் சேகரிப்போர் இதனைக் 'கோவேறு கழுதை' என்று அழைப்பது பொருத்தமாகவே இருக்கிறது.

இவையெல்லாம் தங்கசாலைக்குள் நிகழ்பவை. காசு வெளியே வந்தபின் நேர்வன வேறு. இருப்புப்பாதையில் வைத்து நசுக்கியது, அமிலத்தில் கறுத்தது, அரத்தால் தேய்த்தது ஆகியவற்றை ஊனம் எனலாம், பிழை எனலாகாது. 1898இல் புதுக்கோட்டைப் பகுதியில் 501 உரோமப் பொற்காசுகள் கிடைத்தன. அவற்றுள் பெரும்பாலானவற்றில் மன்னன் தலையின் குறுக்கே உளி வெட்டு இருக்கிறது. வரலாற்று ஆசிரியர்க்கு அவ்வெட்டு மிகச் சிறந்த சான்று. ஆயினும் உரோமத் தங்கசாலையின் பிழை என்று அதனை எவரும் கூறார்.

வேண்டுமென்றே செய்யும் வேறுபாட்டையும் பிழையென மயங்குவோர் உண்டு. ஆண்டு எண்ணின் கீழ் வைரக் குறி இருந்தால் மும்பை, விண்மீன் இருந்தால் ஐதராபாத், புள்ளி இருந்தால் நொய்டா, குறி ஏதும் இல்லாவிட்டால் கல்கத்தா. 'புள்ளிக் காசுக்கு ஆயிரம் ரூபாய்' என்று கதை கட்டுவோர் இதனைக்கூட அறியாதவர். பத்து ரூபாய் நாணயத்தில் சிலவற்றுக்குப் பத்துக் கதிர், சிலவற்றுக்குப் பதினைந்து கதிர். அதைக் கண்டு போலி என்றஞ்சி நம் பக்கத்துக் கடைக்காரர் பலர் வாங்க மறுத்த காலமும் உண்டு. 14 வடிவங்களும் செல்லும் என்று 2018 சனவரியில் ரிசர்வ் வங்கி அறிவிக்க வேண்டியதாயிற்று.

வடிவமைத்தவரே தவறிய கதையும் ஒன்று உண்டு. 1911இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உருவோடு வந்த ரூபாயில், மன்னர் அணிந்த பதக்க மாலையில் ஒரு சிறு யானை இருந்தது. துதிக்கை குறுகியிருந்தமையால் மக்கள் கண்ணுக்கு அது பன்றியாகத் தோன்றிற்று. முஸ்லிம் மக்கள் வருந்திக் கொதித்தனர். அடித்த ஏறத்தாழ 94 இலட்சத்துள் 7 இலட்சம் அளவே வெளிவந்திருந்தது. எஞ்சியதை உருக்கிவிட்டு, 1912இல் யானையைத் திருத்தி வெளியிட்டனர். பன்றி ரூபாய் என்ற பெயர் இன்றும் நாணயச் சந்தையில் வழங்குகிறது.

இனி விலைக்கு வருவோம். பிழை இருந்தால் மட்டும் போதாது. அது வெறுங்கண்ணுக்குத் தெரியவேண்டும். ஆண்டு எண் படிக்கும்படி இருக்கவேண்டும். காசு தேயாமல் இருக்கவேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வேண்டுவோர் இருக்கவேண்டும். அமெரிக்காவில் 1955இல் பிலடெல்பியா தங்கசாலையில் ஒரு சென்ட் நாணயத்தின் அச்சே இரட்டை உருவாக அமைந்துவிட்டது. ஆண்டும் எழுத்தும் நிழல்போல் இரண்டிரண்டாகத் தெரியும். இருபதாயிரத்துக்கு மேற்பட்டவை நல்ல காசுகளோடு கலந்து வெளியே போயின. எவரும் கண்ணாடியின்றியே காணக்கூடிய பிழையாதலால், இன்று ஒன்றுக்கு ஆயிரம் டாலருக்கு மேலும் விலை கிடைக்கிறது. அந்நாட்டில் சென்ட் சேர்ப்போர் இலட்சக்கணக்கில் உளர் என்பதையும் நினைவில் வையுங்கள். பிரிட்டனில் 2008இல் 20 பென்ஸ் நாணயம் சில, பழைய அச்சும் புதிய அச்சும் இணைந்து, ஆண்டு எண்ணே இல்லாமல் வெளிவந்தன. செய்தி பரவிய வேளையில் ஆயிரக்கணக்கான பவுன் என்று பேச்சு எழுந்தது. அவை 50,000க்குக் குறையா என்பது தெரிந்ததும், விலை ஐம்பது பவுன் அளவில் வந்து நின்றது.

சென்னை மாகாணத்துக்கு 1808இல் அடித்த செப்புக் காசுகளை ஏற்றிவந்த 'அட்மிரல் கார்டினர்' என்னும் கப்பல், 1809 சனவரியில் இங்கிலாந்துக் கரையோரத்து மணல்திட்டில் மோதி மூழ்கிற்று. 1980களில் முக்குளிப்போர் அக்காசுகளைப் பல இலட்சமாக வெளியே எடுத்தனர். இருநூறு ஆண்டுப் பழமை உண்டு. கப்பல் மூழ்கிய கதையும் உண்டு. இருந்தும் அவை மலிவாகவே விற்கின்றன. வைஷ்ணவ தேவி நாணயமோ 2012இல் பெருந்தொகையாக வெளியிடப்பட்டது. பிழை ஏதும் அதில் இல்லை. அதற்குப் பத்து இலட்சம் எங்கிருந்து வரும்? தன் பெயரைச் சொல்லிப் பழைய நாணயத்திற்குக் கட்டணமும் தரகும் கேட்போரை நம்பவேண்டா என்று ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டு மாதத்தில் எச்சரித்திருக்கிறது. தம்பி அதனை முன்பே படித்திருக்கலாம். நான் வகுப்பில் சொல்லியுமிருக்கலாம்.

மறுநாள் இருவரும் பாகூரில் எனக்குத் தெரிந்த பத்தர் ஒருவரின் கடைக்குச் சென்றோம். இருதலை ரூபாயைக் கல்தரையில் போட்டார் பத்தர். நல்ல காசு கணீரென்று ஒலிக்கவேண்டும். இது டொக்கென்று விழுந்தது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தபோது விளிம்பின் உட்புறம் மயிரிழை போல் ஒரு பொருத்து வட்டமாக ஓடிற்று. ஒரு காசைக் குடைந்து, மற்றொன்றைத் தேய்த்து உள்ளே பதித்த வேலை. வித்தை காட்டுவோர்க்குப் பயன்படும்.

பிறைத்துண்டு குறைந்த ரூபாயைத் தம்பி எடுக்கக்கூட இல்லை. நானே கேட்டு வாங்கினேன். 2011க்குப் பின் வந்த ஒரு ரூபாயின் எடை 3.79 கிராம். மின்தராசு 3.46 காட்டிற்று. எடைக்குறைவை அரத்தாலும் உண்டாக்கலாமாதலால் அது மட்டும் போதாது. குறைந்த இடத்துக்கு நேர் எதிரே விளிம்பைப் பார்த்தோம். அங்கே மேடு மழுங்கி மெலிந்திருந்தது. விளிம்பை உயர்த்தும்போது ஒரு பக்கம் உலோகம் இல்லாவிட்டால், எதிர்ப்பக்கத்தில் அழுத்தம் விழாது. பிற்பாடு வெட்டியவரால் இந்த மழுங்கலை உண்டாக்க முடியாது. வெட்டின் அருகில் இருந்த எழுத்துகளும் அறுபடாமல், வெட்டை நோக்கிச் சற்று இழுபட்டிருந்தன. உண்மையான தங்கசாலைப் பிழை! "எவ்வளவு கிடைக்கும், ஐயா?" என்றார் தம்பி. இத்தகைய சிறு பிறைக்குறை அவ்வளவு அரியதன்று. சேகரிப்போர் சில நூறு ரூபாய் தரலாம், இழந்த ஏழாயிரத்துக்கு அஃது ஈடாகாது என்று உள்ளதை உள்ளபடியே கூறினேன். அவர் விற்கவில்லை. துடைத்துப் பளபளப்பாக்கலாமா என்றார். கூடாது, துலக்கினால் மேற்பரப்புக் கெட்டு இருக்கும் விலையும் போய்விடும் என்று தடுத்தேன். பணம் பறித்தவர்மீது காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கவும் உடன் சென்றேன்.

இவ்வளவு பேசும் நானும் ஒரு காலத்தில் ஏமாந்தவனே. பணியில் சேர்ந்த புதிதில், பேருந்தில் மீதிச் சில்லறையாக ஓர் ஐம்பது காசு எனக்கு வந்தது. ஒருபுறம் சிங்க முகம்; மறுபுறம் அதே முகம் பள்ளமாக, இடவலம் மாறி. தேநீர்க் கடையில் வாங்கவில்லை; மளிகைக் கடையிலும் 'செல்லாக் காசு' என்று திருப்பித் தந்துவிட்டார்கள். நம் நாட்டில் செல்லாக் காசு சென்று சேரும் இடம் ஒன்றுண்டு அல்லவா? அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனபோது அதனை உண்டியலில் போட்டுவிட்டு, நிம்மதியாகத் திருநீறு வாங்கிக்கொண்டு வந்தேன்.