வழக்கு விபத்துக்கு முன்பே தொடங்குகிறது

ஆடித் தபசு நாளில் சங்கரன்கோவில் ரத வீதிகளில் நிற்க இடமிருக்காது. அந்த நெரிசலில் ஒரு கடையின் விளம்பரப் பலகை சரிந்து ஒருவர் காயமடைந்தால், 'அவருக்கு நேரம் சரியில்லை' என்று கடந்து செல்வது நம் வழக்கம். சட்டத்தின் முன் அந்தப் பதில் செல்லாது. தம் சொத்தாலும் தொழிலாலும் பிறருக்குத் தீங்கு நேராமல் காப்பது உரிமையாளரின் கடமை. அக்கடமை தவறினால் காயமுற்றவர் உரிமையியல் நீதிமன்றத்தில் இழப்பீடு கோரலாம்.

அவ்வாறு வழக்குத் தொடரப்பட்டால் உரிமையாளர் எதைக்கொண்டு தம்மைக் காத்துக்கொள்ள முடியும்? மூன்று தீர்ப்புகள் இதற்கு விடை தருகின்றன.

கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் பெருமழையில் உடைந்து மதராஸ் ரயில்வே கம்பெனியின் பாலங்களைச் சேதப்படுத்தின. ஏரிகள் மக்களின் வாழ்வாதாரம், அவற்றைப் பேணுவது ஜமீன்தாரின் கடமை, அதில் அவர் கவனக்குறைவாக நடக்கவில்லை என்று கூறி, 1874-இல் பிரிவி கவுன்சில் அவரைப் பொறுப்பிலிருந்து விடுவித்தது. உரிய கவனமே அவருக்கு அரணாயிற்று.

தில்லி சாந்தினி சௌக்கில் மணிக்கூண்டு இடிந்து சிலர் உயிரிழந்தனர். கட்டடத்துக்கு வயது சுமார் 80. அத்தகைய கட்டுமானத்தின் ஆயுளோ 40 முதல் 45 ஆண்டுகள். சாலையோரக் கட்டடம் தானாக இடிந்து விழுவதே கவனக்குறைவுக்குச் சான்று. அப்படியல்ல என்று நிறுவ வேண்டியது உரிமையாளரே என 1966-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. தில்லி மாநகராட்சியால் அதை நிறுவ இயலவில்லை.

தில்லி ஸ்ரீராம் ஆலையின் நச்சுவாயுக் கசிவு வழக்கில் 1986-இல் உச்சநீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே சென்றது. அபாயகரமான தொழில் நடத்துவோர் எவ்வளவு கவனமாக இருந்திருந்தாலும் இழப்பீடு தந்தே தீர வேண்டும் என்றது. இத்தகைய தொழில்களுக்கு 1991-ஆம் ஆண்டின் பொதுப் பொறுப்புக் காப்பீட்டுச் சட்டம் காப்பீட்டைக் கட்டாயமாக்கியது.

ஆனால் சாதாரணக் கடைக்கோ, திருமண மண்டபத்துக்கோ அச்சட்டம் பொருந்தாது. சாலையில் ஓடும் இருசக்கர வாகனத்துக்கு மூன்றாம் நபர் காப்பீடு கட்டாயம். ஆயிரம் பேர் கூடும் மண்டபத்துக்கு அத்தகைய கட்டாயம் அச்சட்டத்தில் இல்லை. விபத்து நேர்ந்தால் உரிமையாளரின் சேமிப்பு கரையும். அவரிடம் பணம் இல்லையெனில், தீர்ப்பு கிடைத்தும் காயமுற்றவர் வெறுங்கையுடன் திரும்புவார். இருவருக்குமே இழப்பு.

காயமுற்றவரிடமும் தவறு இருந்தால் அதற்கேற்ப இழப்பீடு குறையக்கூடும். எனினும் அதையே நம்பியிருப்பது விவேகமன்று. எதிர்பார்க்கக்கூடிய இழப்பைவிடத் தடுப்புச் செலவு குறைவாக இருக்கையில், அச்செலவைத் தவிர்ப்பதே கவனக்குறைவு என்று அமெரிக்க நீதிபதி லேர்னட் ஹேண்ட் 1947-இல் வகுத்தார். பொருளியல் பயின்றோர்க்கு இது எளிய கணக்கு.

ஆண்டுதோறும் கட்டடச் சோதனை, மின்இணைப்புச் சோதனை, பழுதுபார்த்ததற்கான ரசீது, விருப்பக் காப்பீடு ஆகியவையே உரிமையாளரின் உண்மையான எதிர்வாதம். மக்கள் கூடும் இடங்களின் உரிமத்தோடு பொதுப் பொறுப்புக் காப்பீட்டையும் அரசு இணைக்க வேண்டும். விபத்துக்குப் பின் அமர்த்தப்படும் வழக்கறிஞர் எத்துணை வல்லவராயினும், முன்பு செய்யாத பராமரிப்புக்கு அவரால் சான்று காட்ட இயலாது.