திவார் தீவின் மேற்றிராணியார்

காட்கோபரும் பாந்திராவும் அமைந்த நிலம் பண்டு சால்செட் என வழங்கிய தனித் தீவாகும். 1534 முதல் 1739 வரை அது போர்ச்சுகீசியர் ஆட்சியில் இருந்தது. பாந்திராவின் புனித அந்திரேயா ஆலயம் அவர்கள் காலத்தது. திருச்சபையில் யாருக்கு எப்பதவி என்பதையும் அக்காலத்தில் அவர்களே தீர்மானித்தனர். கீழ்த்திசை நாடுகளில் மேற்றிராணிமாரை முன்மொழியும் உரிமையைப் பாப்பரசர்கள் போர்ச்சுகல் மன்னருக்கு வழங்கியிருந்தனர். இவ்வுரிமைக்குப் பதுரவாதோ என்பது பெயர். 1606-இல் தோன்றிய நம் மயிலாப்பூர் மேற்றிராசனமும் அதற்கு உட்பட்டதே.

இம்மதிலை எதிர்த்து மோதியவர் ஒருவரைப் பற்றி இங்குக் கூற விழைகிறோம். அவர் மத்தேயு தெ காஸ்திரோ. கோவாவை அடுத்த திவார் தீவில், கிறிஸ்தவம் தழுவிய கொங்கணிப் பிராமணக் குடும்பத்தில், 1594-ஆம் ஆண்டளவில் பிறந்தார். பிரான்சிஸ்கு சபைத் துறவிகளிடம் கல்வி கற்றார். ஆயினும், கோவாப் பேராயர் அவருக்குக் குருப்பட்டம் அளிக்க மறுத்துவிட்டார். வேறொருவராயின் ஊரோடு ஒடுங்கியிருப்பர். இவரோ 1621-இல் புறப்பட்டு, மேற்காசிய நாடுகளைத் தரைவழியே கடந்து, 1625-இல் உரோமாபுரியை அடைந்தார்!

அவர் சென்ற வேளையும் வாய்ப்பாக அமைந்தது. 1622-இல் பதினைந்தாம் கிரகோரியார் நிறுவிய விசுவாசப் பரப்புதல் சபை, போர்ச்சுகல் மன்னரின் பிடியைத் தளர்த்த விரும்பியது. அதன் செயலாளர் இங்கோலி, அந்நாட்டு மக்களே குருக்களாதல் வேண்டும் என்னும் கொள்கையினர். திவார் தீவினரிடம் அவர் தம் கொள்கைக்குச் சான்று கண்டார். மத்தேயு அங்குக் கல்வி பயின்று, 1630-இல் குருவானார். 1637-இல் மேற்றிராணியாராக அபிஷேகம் பெற்றார். இலத்தீன் திருச்சபையில் அந்நிலையை எய்திய முதல் இந்தியர் இவரே.

எனினும், பாப்பரசரின் ஆணையைக் கோவா ஏற்கவில்லை. அவருடைய பத்திரங்களின் செல்லுபடியையே ஐயுற்றனர். ஆகவே அவர் போர்ச்சுகீசியர் கைக்கு எட்டாத பீஜப்பூர்ச் சுல்தானின் நாட்டில், பிச்சோலியில் தங்கி, ஆலயம் எழுப்பிப் பணிபுரிந்தார். காலம் செல்லச் செல்ல அவர் உள்ளத்தில் கசப்பு முற்றியது. 1653-இல் ‘பிராமணர்களின் கண்ணாடி’ என்னும் நூலை எழுதி, கோவாப் பிராமணரைப் போர்ச்சுகீசியருக்கு எதிராகத் தூண்டினார். பீஜப்பூர் அரசையும் டச்சுக்காரரையும் கோவாவின் மீது ஏவினார் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது.

இவரை மாசற்ற வீரராகக் காட்ட நாம் முனையவில்லை. நிறத்தின் பெயரால் தாம் ஒதுக்கப்பட்டதை எதிர்த்தவர், குலத்தின் பெருமையைக் கைவிட்டாரில்லை. அவர் நூலின் தலைப்பே அதைச் சொல்லும். கோவாவில் பிராமணரல்லாத கிறிஸ்தவரும் பல்லாயிரவர் இருந்தனர். அவர்களுக்காக அக்கண்ணாடி பிடிக்கப்படவில்லை.

1658-இல் அவர் மீண்டும் உரோமாபுரி சென்றார், தாயகம் திரும்பவேயில்லை. 1677-இல் அங்கேயே காலமானார். அவருக்குப் பின் அவர் மருகர் தோமாஸ் தெ காஸ்திரோவும், குஸ்தோதியோ தெ பின்னோவும் அப்பதவிக்கு வந்தனர். அதன் பின்னர் அவ்வழி நெடுங்காலம் அடைபட்டுக் கிடந்தது. 1923-இல், புதிதாக அமைந்த தூத்துக்குடி மேற்றிராசனத்துக்குத் திபூர்சியு ரோச் ஆண்டகை நியமிக்கப்பட்டபோதுதான், இலத்தீன் முறையில் ஓர் இந்தியர் மீண்டும் மேற்றிராணியாரானார். அவர் நம் தமிழர். முப்பதாண்டுகள் கழித்து, 1953-இல், பம்பாய்ப் பேராயர் வலேரியன் கிராசியாஸ் இந்தியாவின் முதற் கர்தினாலானார்.