கமாகுரா-போரி

கமாகுரா-போரி என்பது ஜப்பானின் கமாகுரா நகருக்குரிய மரச்செதுக்குக் கலையாகும். மரத்தில் பூவேலை செதுக்கி, அதன்மேல் அரக்குப் பூசிப் பெட்டிகள், தட்டுகள் முதலியன செய்யப்படுகின்றன. 'போரி' என்பதற்குச் செதுக்கல் என்று பொருள். சீனப் பெட்டிகளைப் பார்த்துச் செய்யத் தொடங்கிய இக்கலை, பின்னர் தனக்கெனத் தனி வடிவம் பெற்றது.

சீனத் தொடர்பு

13ஆம் நூற்றாண்டில் கமாகுரா, ஜப்பானிய இராணுவ ஆட்சியின் இருப்பிடமாக விளங்கியது. சீனத் துறவி லான்சி தாவ்லோங் 1246இல் ஜப்பான் வந்தார். அவரை முதல் தலைவராகக் கொண்டு 1253இல் கெஞ்சோ-ஜி என்னும் ஜென் பௌத்தக் கோயில் அங்கு நிறுவப்பட்டது. இத்தகைய தொடர்புகளால் சீனாவின் செதுக்கு அரக்குப் பெட்டிகளும் ஜப்பானை அடைந்தன.

இங்கு அரக்கு என்பது நாம் அறிந்த பூச்சி அரக்கு அன்று. ஒருவகை மரத்தின் பால். சீனர்கள் இதைப் பல பத்து முறை, சிலவேளை நூறு முறைக்கு மேலும் பூசினர். ஒவ்வொரு பூச்சும் உலர்ந்த பின்னரே அடுத்த பூச்சு. இவ்வாறு தடித்த அரக்கிலேயே அவர்கள் பூக்களைச் செதுக்கினர். இதற்குக் காலமும் பொருளும் மிகுதியாகத் தேவைப்பட்டன.

ஜப்பானியச் சிற்பிகள் வேறு வழி கண்டனர். புத்தர் சிலைகளை மரத்தில் வடித்துப் பழகிய அவர்கள், முதலில் மரத்தையே செதுக்கி, பின்பு அரக்குப் பூசினர். பியோனி மலர், சுருள்கோடு போன்ற சீனக் கோலங்கள் ஊதுவத்திப் பொருள்கள் வைக்கும் சிறு பெட்டிகளில் இடம்பெற்றன. தேநீர்ச் சடங்கு பரவியபோது இப்பெட்டிகளுக்கு மதிப்புக் கூடியது.

செய்முறை

பெரும்பாலும் கத்சுரா என்னும் மரம் பயன்படுகிறது. இது மென்மையானது, செதுக்கும்போது எளிதில் பிளவுபடாது. கோலத்தை வரைந்து, கத்தியால் ஓரத்தை வெட்டி, உளியால் மேடு பள்ளம் அமைப்பர். உளித்தடங்களை முழுவதும் மழிக்காமல் சில இடங்களில் அழகுக்காகவே விட்டுவைப்பர். அடிப்பூச்சு கருமை, மேற்பூச்சு பெரும்பாலும் சிவப்பு. அது முற்றிலும் உலருமுன் மாகோமோ என்னும் நீர்ப்புல்லிலிருந்து பெறும் கருந்தூளைத் தூவி மெருகிடுவர். பள்ளங்களில் கருமை தங்குவதால் செதுக்கல் எடுப்பாகத் தெரியும்.

நெருக்கடியும் மறுவாழ்வும்

1868இல் மெய்ஜி அரசு ஷிண்டோவையும் பௌத்தத்தையும் பிரிக்க ஆணையிட்டது. அதைத் தொடர்ந்து பல பௌத்தக் கோயில்கள் சிதைக்கப்பட்டன. சிலை செய்யும் பணி குறைந்ததால் சிற்பிகளின் பிழைப்புக் கெட்டது. கோத்தோ, மிட்சுஹாஷி ஆகிய சிற்பிக் குடும்பங்கள் அன்றாடப் பயன்பாட்டுப் பொருள்களைச் செதுக்கும் தொழிலுக்கு மாறின. 1889இல் கமாகுராவுக்கு இரயில் வந்தது. ஓய்வுக்கு வந்த செல்வர்களும் பயணிகளும் அப்பொருள்களை வாங்கினர்.

1979இல் ஜப்பானிய அரசு இதனை மரபுக் கைவினையாக அறிவித்தது. சிலை வடித்த கைகளுக்கு வேலையில்லாமற்போன காலத்தில், அக்கைத்திறன் அழியாமல் காத்தவை இந்தச் சிறு பெட்டிகளும் தட்டுகளுமே.