தலைவர் நெஞ்சும் வார ஏடும்

ஒரு சமுதாயம் எழுச்சி பெற்ற வரலாற்றை எழுதப் புகுவோர், மாநாடுகளையும் தீர்மானங்களையும் சட்டமன்றச் சொற்பொழிவுகளையுமே பெரிதும் எடுத்துரைப்பர். அவை வேண்டுவனவே. ஆயினும் அவற்றுக்கெல்லாம் முன்னதாக, தலைவர் ஒருவர் தாம் பட்ட துன்பத்தை ஒளியாது சொன்ன நாள் ஒன்று உண்டு. அதனைக் கேட்டோர், "இது நம் துன்பமன்றோ!" என்று தலைநிமிர்ந்த நாளும் உண்டு. நம் முன்னோர்களுள் இருவர் அத்தகைய உறவை மக்களோடு ஏற்படுத்திக் கொள்ள வார இதழையே கருவியாகக் கொண்டனர். நம் கல்விச் சங்கம் வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில் அவ்வரலாற்றை எண்ணிப் பார்ப்பது பொருத்தமாகும்.

மணி ஒலிக்கும்வரை வெளியே நின்றவர்

செங்கற்பட்டு மாவட்டத்துக் கோழியாளம் என்னும் சிற்றூரில் 1860-ஆம் ஆண்டு பிறந்தவர் இரட்டைமலை சீனிவாசன். அவர் கோயம்புத்தூர்க் கலாசாலையில் பயின்றபோது அங்கிருந்த ஏறத்தாழ 400 மாணவர்களுள் பத்துப் பேர் நீங்கலாக ஏனையோர் பிராமணர். தம் சாதியும் ஊரும் உறவும் தெரிந்துவிட்டால் தம்மைத் தாழ்வாக நடத்துவார்களே என்று அஞ்சி, அவர் எவரோடும் நெருங்கிப் பழகவில்லை. பள்ளிக்கு வெளியே எங்கேனும் அமர்ந்து படித்துக் கொண்டிருந்துவிட்டு, மணி ஒலித்த பின்னரே உள்ளே செல்வார். பள்ளி விட்டதும் பிற பிள்ளைகள் தம்மை எட்டாதவாறு விரைந்து வீடு திரும்புவார்.

இச்செய்தியை நமக்குக் கூறியவர் பகைவரல்லர், அவரே கூறினார். 1939-இல் வெளிவந்த தம் 'ஜீவிய சரித்திர சுருக்கம்' என்னும் நூலில் இதனை அவர் எழுதி வைத்தார். அப்போது அவர் திவான் பகதூர் பட்டம் பெற்றவர்; வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தவர். சிறுவயது அச்சத்தைச் சொல்லாமலே விட்டிருக்கலாம். ஆனால், அவர் தம் பெருமைகளை மட்டுமே எழுதியிருப்பின், வகுப்பின் கடைசி வரிசையில் ஒடுங்கி அமர்ந்திருக்கும் பிள்ளைக்கு அந்நூல் எட்டாத மலையாகத் தோன்றியிருக்கும். அச்சத்தையும் எழுதியமையால் அது அப்பிள்ளைக்குக் கைகொடுக்கும் நூலாயிற்று.

மறைத்த பெயரே இதழின் பெயர்

அவ்வாறு அஞ்சி மறைந்து நின்றவர் 1893-ஆம் ஆண்டு அக்டோபர் திங்களில் சென்னையில் ஒரு பத்திரிகை தொடங்கினார். அதற்கு 'பறையன்' என்றே பெயரிட்டார். எந்தப் பெயர் வெளிப்பட்டுவிடுமோ என்று மாணவப் பருவத்தில் நடுங்கினாரோ, அந்தப் பெயரையே இதழின் நெற்றியில் பொறித்தார். தன்னை மறைத்துக் கொண்டிருப்பவன் தன் உரிமையைக் கேட்டுப் பெற முடியாது என்பது அவர் கொள்கை. முதல் இதழ் இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றது. மாத இதழாகத் தோன்றியது மூன்று திங்களில் வார இதழாயிற்று. இரண்டாண்டுகளில் தனக்கென அச்சகமும் பெற்று, 1900 வரை நடைபெற்றது.

அவ்விதழ் மக்களை ஒன்று திரட்டவும் பயன்பட்டது. ஐ.சி.எஸ். தேர்வை இந்தியாவிலும் நடத்தினால் ஆட்சிப் பதவிகள் யாவும் உயர்சாதியார் கைக்கே போய்ச்சேரும் என்று அஞ்சி, 1893-இல் 3,412 பேர் கையொப்பமிட்ட விண்ணப்பம் இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. கல்வி எட்டாதிருந்த ஒரு மக்கட் கூட்டம் அத்தனை கையொப்பங்களைத் திரட்டியது சிறு செயலன்று.

புதன்கிழமைதோறும் நான்கு பக்கம்

சீனிவாசனாரின் சகோதரி கணவரான அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914) இப்பெயர் வழக்கில் அவரோடு முற்றிலும் மாறுபட்டார். பிறர் இழிவாக இட்ட பெயரை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்று கேட்டு, நம்மவர் பூர்வ பௌத்தர், சாதிபேதமற்ற திராவிடர் என நிறுவ முற்பட்டார். ஒருவர் பெயரை ஏற்று நின்றார். மற்றவர் மறுத்து நின்றார். எவர் வழி சரி என்று இன்றும் வாதிடுவோர் உளர். இருவரும் ஒரே புண்ணுக்கே மருந்து தேடினர் என்பதை நாம் மறத்தலாகாது.

பண்டிதரின் 'ஒரு பைசாத் தமிழன்' 1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள் இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. நான்கு பக்கம், விலை ஒரு பைசா, புதன்கிழமைதோறும் வெளியீடு. அடுத்த ஆண்டு அது 'தமிழன்' எனப் பெயர் மாறியது. அந்நான்கு பக்கங்களில் எதனை இடுவது என்று தேர்ந்ததில்தான் பண்டிதரின் பேரறிவு விளங்குகிறது. 'இந்திரர் தேச சரித்திரம்' என்னும் வரலாறு தொடராக வந்தது. புத்தரின் வாழ்வு கூறும் 'ஆதிவேதம்' தொடராக வந்தது. திருக்குறளுக்கு உரை வந்தது. நாட்டு நடப்பும் வந்தது. வாசகர் ஐயங்களை எழுதி அனுப்பினர். பண்டிதர் விடை அளித்தார். கோலார்த் தங்கவயலிலும் கடல் கடந்து இரங்கூனிலும் அதற்கு வாசகர் இருந்தனர். சுரங்கத்தில் உழைத்தவர் ஒரு கேள்வி எழுதினால், அது பண்டிதரின் விடையோடு அச்சில் வந்தது. கேட்டவர் மதிக்கப்பட்டார், வாசித்தவர் யாவரும் கற்றனர்.

பண்டிதரும் தாம் பட்ட அவமதிப்பை மறைத்தாரில்லை. 1892-இல் சென்னை மகாஜன சபைக் கூட்டத்தில், சிவாலயங்களிலும் விஷ்ணு ஆலயங்களிலும் எம்மவரை ஏன் விடுவதில்லை என்று அவர் கேட்டார். அத்தெய்வங்கள் உங்களுக்குரியன அல்ல என்று ஒருவர் இழித்துரைத்தார். அப்படியாயின் அத்தெய்வங்கள் எங்களுக்கு வேண்டா. எங்கள் பிள்ளைகளுக்கு இலவசக் கல்வியும், ஏழைகளுக்குப் புறம்போக்கு நிலமும் தாருங்கள் என்றார் பண்டிதர். தம் மனப்புண்ணை அனைவருக்குமான கோரிக்கையாக மாற்றிய பெருமை இது.

கண்ணீரை ஒளியாத மேதை

அண்ணல் அம்பேத்கரும் 'மூக்நாயக்' (1920) முதல் 'ஜனதா' (1930) வரை இதழ்கள் வழியே மக்களோடு பேசியவர். 1917-இல் வெளிநாட்டில் பயின்று திரும்பிப் பரோடா சென்றபோது, தங்கியிருந்த விடுதியிலிருந்து தடி ஏந்திய கூட்டத்தால் வெளியேற்றப்பட்டார். அக்காட்சியை நினைக்குந்தோறும் கண்ணில் நீர் பெருகுவதாக அவரே எழுதியுள்ளார். அந்தக் கண்ணீர் அவரைத் தாழ்த்தவில்லை. பிறர் படும் துன்பத்தை அவர் ஏட்டிலிருந்து அறிந்தவரல்லர் என்பதற்கு அதுவே சான்று.

நமக்குரிய பணி

இவ்வேடுகளின் பிற்கால வரலாறும் நமக்கு ஒரு பாடமாகும். 'தமிழன்' இதழ்ப் பகுதிகள் 1999-இல் 'அயோத்திதாசர் சிந்தனைகள்' என்று தொகுக்கப்பட்ட பின்னரே பலரும் படிக்கக் கிடைத்தன. இடையே எண்பதாண்டுகளுக்கு மேல் கழிந்தன. 'பறையன்' ஏடுகளோ காண்பதற்கரியன. படித்தவர்கள் பாதுகாத்து வைக்காவிடின், எழுதியவர் பட்ட பாடும் காற்றோடு போம்.

ஆதலின் நம் சங்கத்தார்க்கு ஒரு வேண்டுகோள். மாணவர் விடுதியில் வாரம் ஒரு மாலை வாசிப்புக்கென ஒதுக்கப்படுக. நன்கு தேர்ந்த நான்கு பக்கம் போதும். ஒரு மாணவர் வாசிக்க, மற்றவர் கேட்க, ஐயங்களை எழுதி வைக்க, அடுத்த வாரம் மூத்தோர் விடை கூறுக. விடை கூறுவோர் தாம் பெற்ற வெற்றிகளோடு தாம் அஞ்சிய நாள்களையும் சொல்லுக.

மணி ஒலிக்கும்வரை வெளியே நின்ற அம்மாணவர்தாம், 1924-இல் தம் 64-ஆம் வயதில், பொதுச் சாலையிலும் கிணற்றிலும் பொதுவிடங்களிலும் எவரையும் தடுத்தலாகாது என்னும் தீர்மானத்தைச் சென்னைச் சட்டமன்றத்தில் நிறைவேறச் செய்தார். இன்று நம் விடுதியில் பேசாது ஒதுங்கியிருக்கும் பிள்ளை நாளை எத்தெருவைத் திறக்கப் போகிறதென்று நாம் அறியோம். அப்பிள்ளையின் அருகில் அமர்ந்து, ஒரு பக்கம் வாசித்துக் காட்டுவோமாக.