இன்ஜின் ஆயில் பாகுநிலைத் தேர்வு

ஒரு வண்டியின் இன்ஜினுக்கு எவ்வளவு கெட்டியான ஆயிலை ஊற்ற வேண்டும் என்று முடிவு செய்வதே பாகுநிலைத் தேர்வு. பாகுநிலை என்பது, திரவம் ஓடும்போது அதன் உள்ளிருந்தே எழும் தடை. மெக்கானிக் ஷெட்டுகளிலும் உதிரிபாகக் கடைகளிலும் இதை ‘கிரேடு’ என்பார்கள். வெயில் கடுமையான ஊருக்குக் கெட்டியான ஆயில்தான் ஏற்றது என்ற நம்பிக்கை தமிழ்நாட்டுச் சமவெளியில் பரவலாக உண்டு. ஆனால் கிரேடைத் தீர்மானிப்பதில் ஊரின் வெயிலுக்குச் சிறு பங்குதான்; பெரும்பங்கு இன்ஜினின் அமைப்புக்கே.

இதற்குக் காஞ்சிபுரம் மாவட்டத்து வடக்குப்பட்டும் அதைச் சுற்றியுள்ள ஒரகடம் தொழிற்பகுதியும் தெளிவான சான்று. வண்டலூர்–வாலாஜாபாத் சாலையும் சிங்கப்பெருமாள்கோவில்–ஸ்ரீபெரும்புதூர் சாலையும் வெட்டிக்கொள்ளும் இப்பகுதியில், ரெனோ–நிசான் கார் ஆலை 2010இலும், பாரத்பென்ஸ் லாரிகளைத் தயாரிக்கும் டைம்லர் ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு மோட்டார்சைக்கிள் ஆலை 2013இலும் இயங்கத் தொடங்கின. கார், லாரி, மோட்டார்சைக்கிள் மூன்றும் ஒரே வெயிலில் ஒரே சாலையில் ஓடுகின்றன; மூன்றுக்கும் ஆயில் வேறு.

எண்களின் பொருள்

ஆயில் டப்பாவில் உள்ள 15டபிள்யூ-40 போன்ற குறியீடு, அமெரிக்காவின் எஸ்ஏஇ அமைப்பு 1911இல் முதலில் வெளியிட்டுப் பலமுறை திருத்திய ஜே300 தரத்திலிருந்து வருவது. ‘டபிள்யூ’ என்ற எழுத்து குளிர்காலத்தைக் குறிக்கும். அதற்கு முந்தைய எண், குளிரில் இன்ஜினைச் சுழற்றும் அளவுக்கு ஆயில் இளகி இருக்குமா என்பதைச் சொல்கிறது. இச்சோதனை 0டபிள்யூ ஆயிலுக்கு மைனஸ் 35 டிகிரியிலும், 5டபிள்யூவுக்கு மைனஸ் 30இலும், 15டபிள்யூவுக்கு மைனஸ் 20இலும், 20டபிள்யூவுக்கு மைனஸ் 15 டிகிரி செல்சியஸிலும் நடக்கிறது.

பின்னுள்ள எண் 100 டிகிரியில் ஆயிலின் கெட்டித்தன்மையைக் காட்டும். அதன் அளவு, சென்டிஸ்டோக்ஸ் என்ற பாகுநிலை அலகில்:

20 கிரேடு: 6.9 முதல் 9.3க்குள்
30 கிரேடு: 9.3 முதல் 12.5க்குள்
40 கிரேடு: 12.5 முதல் 16.3க்குள்
50 கிரேடு: 16.3 முதல் 21.9க்குள்

இவை தவிர, 150 டிகிரியில் வேகமாக உராயும் பரப்புகளுக்கிடையே ஆயில் படலம் தாங்குகிறதா என்ற சோதனையும் உண்டு. பேரிங்கின் பாதுகாப்பை நேரடியாகக் காட்டுவது இதுவே.

வெயிலின் பங்கு

சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003 மே 31 அன்று 45 டிகிரி வெப்பம் பதிவானது. அந்த வெயிலும் ஓடும் இன்ஜினின் சூட்டுக்கு அருகே வராது. தண்ணீரால் குளிரும் இன்ஜினில் தெர்மோஸ்டாட் குளிர்விப்பு நீரை ஏறத்தாழ 80 முதல் 90 டிகிரியில் நிறுத்தி வைக்கிறது. ஆயில் பெரும்பாலும் 90 முதல் 110 டிகிரிவரை போகும். வெளியே 25 டிகிரி என்றாலும் 40 டிகிரி என்றாலும் இந்நிலை பெரிதாக மாறுவதில்லை.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். 15டபிள்யூ-40 ஆயிலின் பாகுநிலை 40 டிகிரியில் ஏறத்தாழ 110 சென்டிஸ்டோக்ஸ். 100 டிகிரியில் 14 அல்லது 15. அதாவது, மே மாத நண்பகலில் நிறுத்தி வைத்த வண்டியிலும் ஆயில் வேலைச் சூட்டில் இருப்பதைவிட ஏழு மடங்கு கெட்டியாகவே இருக்கிறது. ஸ்டார்ட் செய்த முதல் நொடிகளில் அது விரைந்து மேலேறி கேம்ஷாஃப்டையும் பேரிங்கையும் எட்ட வேண்டும். எனவே முன்னெண் குறைந்த ஆயில் உறைபனி இல்லாத ஊரிலும் பயன் தரும். குளிரில் இன்ஜின் சுழலுமா என்ற கேள்வி மட்டும் தமிழ்நாட்டில் எழுவதில்லை. உறைபனி விழும் உதகமண்டலத்திலும் 20டபிள்யூ ஆயில் அதற்குப் போதும்.

கார்

இன்றைய பெட்ரோல் கார் இன்ஜின்களில் பேரிங் இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கே. வால்வு நேரத்தை மாற்றும் அமைப்பும் ஆயில் அழுத்தத்தில் இயங்குகிறது. இவற்றின் நுண்ணிய வழிகளுக்கேற்ப 0டபிள்யூ-20, 5டபிள்யூ-30 போன்ற கிரேடுகளை நிறுவனங்கள் குறிப்பிடுகின்றன. 2017-18 முதல் இந்தியாவில் நடைமுறையிலுள்ள சராசரி எரிபொருள் திறன் விதிகளும் மெல்லிய ஆயிலை நோக்கித் தள்ளின. ஆயிலை வாரிச் சுழற்றும் வேலை குறைந்தால் மைலேஜ் கூடும். இத்தகைய காரில் 20டபிள்யூ-50 ஊற்றினால் அழுத்தம் கூடலாம், ஆனால் பாயும் அளவு குறையும். சூட்டை எடுத்துச் செல்லும் வேலையும் தடைபடும்.

மோட்டார்சைக்கிள்

காற்றால் குளிரும் இன்ஜினுக்கு தெர்மோஸ்டாட்டின் பாதுகாப்பு இல்லை. நெரிசலில் ஊர்ந்தால் ஆயில் சூடு ஏறிக்கொண்டே போகும். ராயல் என்ஃபீல்டு 350 சிசி வண்டிகளுக்கு 15டபிள்யூ-50 குறிப்பிடப்பட்டிருப்பதற்கு இதுவே அடிப்படை. வெயிலுக்கு உண்மையாகவே பங்கு உள்ள இடம் இதுதான். அந்தப் பங்கையும் கிரேடைக் குறித்த பொறியாளர்கள் ஏற்கெனவே கணக்கில் எடுத்துவிட்டார்கள்.

பெரும்பாலான மோட்டார்சைக்கிள்களில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கார் ஆயிலில் உராய்வைக் குறைக்கச் சேர்க்கும் பொருள்கள் கிளட்ச் தட்டுகளை வழுக்கச் செய்யலாம். ஆகவே ஜப்பானிய ஜாசோ தரத்தின் எம்ஏ அல்லது எம்ஏ2 முத்திரை வேண்டும். கிளட்ச் ஆயிலில் நனையாத ஸ்கூட்டர்கள் பலவற்றுக்கு எம்பி வகை குறிப்பிடப்படுகிறது. கிரேடு எண் ஒன்றாக இருந்தாலும் இவ்விரு வகைகளையும் மாற்றி ஊற்றக்கூடாது.

லாரி

கனரக டீசல் வண்டிகளில் நெடுங்காலம் வழக்கிலிருப்பது 15டபிள்யூ-40. பாரம் ஏற்றிய பேரிங்குக்குத் தடித்த படலம் தேவை. எரிப்பில் எழும் புகைக்கரியையும் ஆயில் தாங்க வேண்டும். 2020 ஏப்ரல் 1இல் பிஎஸ்-6 புகை மாசு விதிகள் வந்தபின் கிரேடு மட்டும் பார்த்தால் போதாது. ஆயிலில் சாம்பல் தரும் சேர்மானங்கள் மிகுந்தால் பிஎஸ்-6 லாரியின் புகைக்கரி வடிகட்டி நாளடைவில் அடைத்துக்கொள்ளும். அதனால் அமெரிக்க ஏபிஐ அமைப்பின் சிகே-4 போன்ற, சாம்பலுக்கு வரம்பு கட்டிய தரங்கள் அவசியமாகின்றன. பழைய லாரிக்கு வாங்கிய 15டபிள்யூ-40, பிஎஸ்-6 லாரிக்குப் பொருந்தும் என்று எண்ணிவிடக் கூடாது.

தேர்ந்தெடுக்கும் முறை

முதலில் வண்டியின் கையேட்டில் உள்ள கிரேடைப் பார்க்க வேண்டும். அடுத்து ஏபிஐ, ஐரோப்பிய ஏசிஇஏ, ஜாசோ தரக் குறிப்பைப் பார்க்க வேண்டும். பிறகே விலையும் பிராண்டும். கையேடு ஒன்றுக்கு மேற்பட்ட கிரேடுகளை அனுமதித்தால், தேய்ந்த இன்ஜினுக்கும் தொடர்ந்து பாரம் இழுக்கும் வண்டிக்கும் அவற்றில் கெட்டியானதை எடுக்கலாம்; குறுந்தூரம் ஓடும் புது வண்டிக்கு மெல்லியது நல்லது. ஆயில் குறைந்துகொண்டே வந்தால் கெட்டியான ஆயில் அந்த இழப்பைச் சற்றுக் குறைக்கலாம். ஆனால் தேய்ந்த பிஸ்டன் ரிங்கையோ வால்வு சீலையோ அது சரிசெய்யாது.

டப்பாவில் அச்சிட்ட கிரேடு இன்ஜினுக்குள் நிலைத்திருப்பதும் இல்லை. எரிபொருள் கலந்தாலும், பாகுநிலையைக் காக்கும் பாலிமர்கள் அறுபட்டாலும் ஆயில் இளகும். கரி சேர்ந்தாலும் ஆக்சிஜனேற்றம் நடந்தாலும் கெட்டியாகும். ஆலை வாசலில் இன்ஜினை அணைக்காமல் மணிக்கணக்கில் காத்திருக்கும் லாரியின் ஆயில், கிலோமீட்டர் ஏறாமலேயே கெடுகிறது. அத்தகைய வண்டிகளுக்கு ஆயில் மாற்றும் நாளை ஓடிய தூரத்தோடு இன்ஜின் இயங்கிய மணிநேரத்தையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.